ஏழாவது துண்டு

இந்த ஆகஸ்டு மாதம் புதிதாக ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று நான் தீர்மானித்தேன். பழைய பொய் ஒன்று இருந்தது. அதைக் காப்பாற்றினாலே போதும்.

பழைய பொய் இதுதான்: காக்கைத் துறையில் என் அப்பா விட்டுப்போன படகறை இடிந்துவிட்டது.

படகறை என்றால் மாளிகை இல்லை. கிரேக்கக் கடலில் இருக்கும் எங்கள் மீலோஸ் தீவில் கடலோரப் பாறையைக் குடைந்து, முன்னால் ஒரு மரக்கதவு போட்டு, குளிர்காலத்தில் படகை உள்ளே இழுத்து வைப்போம். அவ்வளவுதான். அப்பா கடைசிக் காலத்தில் படகை விற்றுவிட்டார். அறை என்னிடம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பெரும்புயல் அடித்ததே, மறுநாளே என் மனைவி கலியோப்பியிடம் சொல்லிவிட்டேன்: "கூரை விழுந்துடுச்சு. கதவு போன இடம் தெரியலை."

பாறைக்குக் கூரை ஏது என்று அவள் கேட்கவில்லை. அன்று அவளுக்குப் பல்வலி.

உண்மையில் அங்கே ஒரு மெத்தை இருக்கிறது. ஒரு தலையணை இருக்கிறது. ஒரு பானையில் தண்ணீர் இருக்கிறது. வெளியே வெயில் கல்லைப் பொரிக்கும். உள்ளே கிணற்றடி போலக் குளிரும். கடல் கதவருகே வரும், "உஸ்ஸ்" என்று தட்டிக்கொடுக்கும், போய்விடும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். நான் அந்த எலி.

வீட்டில் எலிக்குத் தூங்க நேரமில்லை. மாடியைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். விடுகிறவள் அவள். பெட்டி தூக்குவது, குழாய் திருகுவது, படுக்கை விரிப்பு உதறுவது நான். ஆகையால் மதியம் சாப்பிட்டதும் தூண்டிலை எடுத்துக்கொள்வேன். "மீனுக்குப் போறேன்" என்பேன். போய்விடுவேன். மீன் மட்டும் இதுவரை வீட்டுக்கு வந்ததில்லை.

இப்படியே நான் சுகமாக இருந்திருப்பேன். கெடுத்தது மாணிக்கம்.

இப்போதெல்லாம் எங்கள் தீவுக்கு வருகிறவர்களுக்குக் கடல் போதாது. மலை போதாது. "ஒளிந்திருக்கும் மாணிக்கம் எங்கே?" என்று கேட்கிறார்கள். யாருக்கும் தெரியாத கடற்கரையாம். யாருமே போகாத குகையாம். 'இந்தக் குகையில் யாரும் இல்லை' என்று ஒருவர் எழுதிவிடுவார். மறுநாள் அந்த 'யாரும் இல்லை'யைப் பார்க்க நூறு பேர் வரிசையில் நிற்பார்கள்.

மாணிக்கம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து வீட்டு மாந்தோஸ் சாட்சி. எங்கள் கல்யாணத்தில் அவன்தான் மாப்பிள்ளைத் தோழன். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் 'கும்பாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவனுக்கும் ஓர் ஒளிவிடம் இருந்தது. வீட்டுக்கு அடியில் மதுப் பீப்பாய் வைத்த நிலவறை. மாந்துவதில் அவன் பெயருக்கேற்ற மாந்தோஸ். அவன் மனைவி ஸம்பேத்தா அதைக் கண்டுபிடித்தாள். இப்போது வாசலில் பலகை தொங்குகிறது: 'தீவின் இரகசிய நிலவறை'. மாந்தோஸ் காதில் துளசிக் கொத்தைச் செருகிக்கொண்டு, இடுப்பில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்கிறான். அவனுக்கு ஒரு சொட்டுக் கிடையாது.

அன்று காலை மாடியில் இருந்த ஹாலந்துத் தம்பதிக்குத் தர்பூசணி அடையைக் கொடுத்துவிட்டுக் கலியோப்பி சமையலறைக்கு வந்தாள்.

"லினார்தோ, அவங்க யாருக்கும் தெரியாத இடம் ஒண்ணு கேக்கறாங்க."

"எனக்குத் தெரியாதே."

"யாருக்கும் தெரியாததுன்னா உனக்கும் தெரியாதுதான். ஆனா நீ தினம் மத்தியானம் அப்படி ஒரு இடத்துக்குத்தானே போறே?"

"நான் மீன் பிடிக்கப் போறேன்."

"என்ன மீனு?"

"வர்ற மீனு."

"ஒண்ணுகூட வந்ததில்லையே?"

"கடல்ல மீன் கொறைஞ்சுபோச்சு, கலியோப்பி."

"மீன் கொறைஞ்சா கன்னத்துல கோடு விழுமா?"

நான் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். "அது கடல் காத்து. உப்பு."

"காத்து பூவேலை போட்டிருக்குதே! எங்கம்மா தலையணை உறைக்குப் போட்ட அதே பூ. சரி."

என் மனைவி 'சரி' என்று சொன்னால் எதுவோ சரியில்லை என்று பொருள். அவள் மாவு டப்பாவை இறக்கினாள். ஆலிவ் எண்ணெயை எடுத்தாள். ஆரஞ்சை நறுக்கினாள்.

"என்ன செய்யப்போறே?"

"ஃபனூரியோஸ் சாமிக்கு ஒரு கேக்."

ஃபனூரியோஸ் சாமி காட்டிக் கொடுக்கும் சாமி. எது தொலைந்தாலும் அவரை நினைத்துக் கேக் சுட்டு ஊராருக்குப் பங்கு வைத்தால், அது இருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுப்பார். தொலைத்தவனுக்கு அது வரம். ஒளித்தவனுக்கு 'காட்டிக் கொடுப்பது' என்றால் வேறு பொருள்.

"என்ன தொலைஞ்சுது?" என்று கேட்டேன்.

"என் புருஷனோட மத்தியானம்" என்றாள் அவள், வால்நட்டை உடைத்துக்கொண்டே.

நான் நேராக மாந்தோஸின் நிலவறைக்கு ஓடினேன். அவன் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கும்பாரே, கலியோப்பி ஃபனூரியோஸ் கேக் சுடறா!"

மாந்தோஸ் கோப்பையைக் கீழே வைத்தான். காதிலிருந்த துளசியை எடுத்துவிட்டான். துக்க வீட்டில் தொப்பியை எடுப்பார்களே, அப்படி.

"முடிஞ்சுது உன் கதை. என் நிலவறை எப்படிப் போச்சுன்னு நெனச்சே? இதே கேக்குதான். கேக்கு குடுத்தாத்தான் சாமிக்குக் கேக்கும்."

"தப்பிக்க வழியே இல்லியா?"

"ஒரு வழி இருக்கு. கேக்குல ஏழு சாமான் போடணும். ஏழு வாய் சாப்பிடணும். ஆறோட நின்னுபோனா சாமி காதுக்கே எட்டாது. எங்க வீட்டுல ஏழாவது துண்டு தபால்காரர் வாய்க்குள்ள போச்சு. அவர் மெல்லக்கூட இல்ல, ஸம்பேத்தா நிலவறைப் படியில நிக்கறா!"

"அப்போ ஏழு வாய்க்குப் போகாம பாத்துக்கிட்டா?"

"பாத்துக்கோ. ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாதே. சாமிக்கு இல்ல, ஸம்பேத்தாவுக்கு."

எனக்கு மூளை வேலை செய்தது. வருடத்துக்கு ஒரு முறை செய்யும். அன்று மதியம் கேக் சூடாக மேசைக்கு வந்ததும் நானே முன்வந்தேன்.

"நீ களைச்சுப் போயிருக்கே. சர்ச்சுக்கு நான் எடுத்துட்டுப் போறேன். பாதிரியார்கிட்ட மந்திரிச்சு, நானே பங்கு போட்டுட்டு வந்துடறேன்."

கலியோப்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள்.

"நீயே எடுத்துட்டுப் போ, கண்ணே. துண்டு போட்டே வெச்சிருக்கேன். வழியில யாராவது கேட்டா இல்லேன்னு மட்டும் சொல்லிடாதே. இந்தக் கேக்கை இல்லேன்னவன் வீட்டுல இருக்கறதும் தொலையும்."

அவள் என்னைக் 'கண்ணே' என்று கூப்பிட்டால், அந்தக் கண்ணில் மண் விழப்போகிறது என்று பொருள். அன்று அது என் காதில் விழுந்தது. மூளையில் விழவில்லை. அதுதான் அந்த வருடத்து வேலையை முடித்துவிட்டதே.

சர்ச் கிழக்கே. நான் மேற்கே திரும்பினேன். தெருமுனையில் ஸம்பேத்தா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஃபனூரியோஸ் கேக்கா? வாசனை ஊரைத் தூக்குதே! ஒண்ணு குடு." எடுத்துக்கொண்டாள். கடிப்பதற்கு முன்னால், வழக்கப்படி, "சாமியோட அம்மா பாவத்தை ஆண்டவன் மன்னிக்கட்டும்" என்றாள். சாமியின் அம்மா பெரிய பாவியாம். அவளுக்காக வேண்டிக்கொண்டால்தான் மகனுக்கு மனம் குளிருமாம். "ஏன் லினார்தோ, சர்ச் அந்தப் பக்கம்ல?"

"கொஞ்சம் சுத்திப் போறேன். நடந்தா உடம்புக்கு நல்லது."

"உனக்கா? நடையா? அந்தப் பாவத்தையும் ஆண்டவன் மன்னிக்கட்டும்."

ஒன்று.

ஊர் எல்லையில் எங்கள் ஹாலந்துத் தம்பதி, வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருவர் பார்வையும் தட்டில் நின்றது. வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் இரண்டு வாயும் திறந்திருந்தன. என்ன செய்வது? தோளில் குளியல் துண்டு, கையில் கேக் துண்டு என்று இருவரையும் அனுப்பிவைத்தேன். சாமியின் அம்மாவைப் பற்றியும் சொல்லிக் கொடுத்தேன். தலையைக் குனிந்து பயபக்தியோடு திருப்பிச் சொன்னார்கள்.

மூன்று.

அவர்கள் பத்தடி போவதற்குள் ஒரு கார் வந்து நின்றது. பாதிரியார் யாகூமிஸ். பக்கத்தில் அவர் மனைவி; எங்கள் சபையில் பாதிரியாருக்குக் கல்யாணம் உண்டு.

"லினார்தோ! கேக்கைத் தூக்கிக்கிட்டு எங்கே?"

"உங்களைத் தேடித்தான் வந்துட்டிருக்கேன், சாமி."

"நான் இந்த வழியா வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஃபனூரியோஸ் சாமி காட்டிக் கொடுத்தாரு."

பாதிரியார் உருகிவிட்டார். என் வாயில் பக்தி வந்து அவர் கேட்டதே இல்லை. அங்கேயே இறங்கினார். தட்டைக் காரின் முன்பக்கத்தில் வைத்து மந்திரிக்க ஆரம்பித்தார். கார் கொதித்துக்கொண்டிருந்தது. கேக் இன்னொரு முறை வெந்தது. ஹாலந்துக்காரர்கள் திரும்பி வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். படம்கூட எடுத்தார்கள்.

மந்திரித்து முடித்ததும் பாதிரியார் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். அவர் மனைவி ஒன்று எடுத்துக்கொண்டார்.

"எங்களைப் பாத்தாச்சுல்ல? அப்போ வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதானே? மலைப்பக்கம் ஏன் போறீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஆடு மேய்க்கறவங்களுக்கும் குடுக்கலாம்னு, அம்மா."

இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாது. மலையேறியதும் முதலில் எதிரே வந்தவன் ஆடு மேய்க்கும் சிதேரிஸ். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அவன் வாயில் ஒரு துண்டு. அவனுடைய கிடா என் கையை முகர்ந்தது. எனக்குப் பதறியது. ஆட்டு வாய் கணக்கில் வருமா, வராதா? மாந்தோஸ் அதைச் சொல்லவில்லையே! தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"லினார்தோ! அந்தப் பாதை காக்கைத் துறைக்கில்ல போவுது!" என்று சிதேரிஸ் பின்னாலிருந்து கத்தினான்.

"தெரியும்டா!" என்று கத்தினேன் நானும்.

படகறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். விரல் விட்டு எண்ணினேன். ஸம்பேத்தா ஒன்று, ஹாலந்து இரண்டு, பாதிரியார் வீடு இரண்டு, சிதேரிஸ் ஒன்று. ஆறு. ஆறேதான்! சாமி காதுக்கு எட்டாது. உலகத்தில் கெட்டிக்காரக் கணவன் ஒருவன் பிறந்திருக்கிறான் என்றால், அவன் காக்கைத் துறையில் உட்கார்ந்திருக்கிறான்.

மீதிக் கேக்கை என்ன செய்வது? கடலில் போடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இப்போது அது மந்திரித்த கேக். கடலில் போட்டால் பாவம். திருப்பிக் கொண்டுபோனால் ஆபத்து. லவங்கப்பட்டை மணம் அறையெல்லாம் நிறைந்தது. திராட்சை என்னையே பார்த்தது. கலியோப்பி பிராந்தியையும் தாராளமாகவே ஊற்றியிருந்தாள்.

ஒரு துண்டு எடுத்தேன். சின்னத் துண்டுதான். "சாமியோட அம்மா பாவத்தை ஆண்டவன் மன்னிக்கட்டும்" என்று வாய் நிறையச் சொன்னேன். அப்புறம் அவளுக்கு நிறையப் பாவம் இருக்குமே என்று இன்னும் சில துண்டுகளுக்கும் மன்னிப்புக் கேட்டேன். படுத்தேன். கடல் "உஸ்ஸ்" என்றது.

"கதவு போன இடம் தெரியலைன்னியே, லினார்தோ. இங்கேதானே இருக்குது?"

கண்ணைத் திறந்தேன். வாசலில் வெளிச்சம். வெளிச்சத்துக்கு நடுவே இடுப்பில் கை வைத்தபடி கலியோப்பி.

நான் எழுந்து உட்கார்ந்தேன். முதலில் வாயில் வந்தது இதுதான்: "ஆறுதான், கலியோப்பி! ஆறு பேருக்குத்தான் குடுத்தேன்! சாமி எப்படிக் காட்டினாரு?"

"மீசையைத் துடை."

துடைத்தேன். கையில் வால்நட்டுத் தூள் வந்தது.

"ஏழாவது வாய்க்கு மேல ஒட்டிக்கிட்டிருக்குது" என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும். நான் கேக்கும் தின்று கெட்டேன்.

"நிஜமாவே சாமியா உன்னை இங்கே கூட்டிட்டு வந்தாரு?"

"சாமி பாதி, ஸம்பேத்தா பாதி. 'எம் புருஷன் எந்தப் பக்கம் போனாரு'ன்னு கேட்டேன். மேற்கேன்னா. பாதிரியார் சம்சாரம் மலையைக் காட்டினாங்க. சிதேரிஸ் பாதையைக் காட்டினான். நான் உன் பின்னாலயே வந்திருந்தா நீ திரும்பிப் பாத்திருப்பே. கையில கேக்கைக் குடுத்து அனுப்பினா, பாத்தவங்க யாராவது மறப்பாங்களா? நீ போன வழியெல்லாம் இனிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"அப்போ அந்தப் புயல்... கூரை..."

"பல்வலி மறுநாளே போயிடுச்சு, லினார்தோ. பாறைக்கு எது கூரைன்னு மூணு வருஷமா யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

நான் மண்டியிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மெத்தைமேல்தானே, முட்டி வலிக்கவில்லை.

"கலியோப்பி, என்ன வேணும்னாலும் செய்யறேன். விரிப்பு நூறு தடவை உதறுறேன். இந்த இடத்தை மட்டும் மாடிக்காரங்களுக்குக் காட்டிடாதே. நான் காதுல துளசி வெச்சுக்க மாட்டேன். இடுப்புல சிவப்புப் பட்டை எனக்கு ஒத்துக்காது."

"காட்டறதா? எனக்கென்ன பைத்தியமா?"

என் காதுகளையே என்னால் நம்ப முடியவில்லை. "அப்போ அவங்க கேட்ட மாணிக்கம்?"

"அது கிடைச்சாச்சு. வர்ற வழியில பாத்தேன். அந்த அம்மாவுக்குக் கண்ணெல்லாம் தண்ணி. கொதிக்கிற வெயில்ல ஒருத்தர் கேக் எடுத்துட்டு வந்தாராம். எதிர்ப்பட்டவங்களுக்கெல்லாம் குடுத்தாராம். கார்மேல வெச்சுப் பாதிரியார் மந்திரிச்சாராம். எந்தப் புத்தகத்துலயும் இல்லாத பழங்காலச் சடங்காம். ஊருக்கு எழுதிட்டாங்க. அடுத்து வர்றவங்களுக்கும் அது வேணுமாம்."

"அடுத்து வர்றவங்களுக்கா?"

"சனிக்கிழமை சனிக்கிழமை வெச்சுக்கலாம். நான் கேக் சுட்டுத் தர்றேன். பாதிரியார்கிட்டயும் பேசிட்டேன். உன் பக்தியைப் பத்தி அவருக்கு ரொம்பப் பெருமை. ஒண்ணு மட்டும், கேக்குல நீ வாய் வைக்கக் கூடாது."

ஆக, மாணிக்கம் நான்தான். சிலருக்குச் சனி ஏழரை வருடம் பிடிக்கும். எனக்குச் சனிக்கிழமைதோறும் பிடிக்கப்போகிறது. ஆனாலும் மனத்துக்குள் துள்ளினேன். வாரத்தில் ஒரு நாள்தானே? மீதி ஆறு மதியங்களும் என் படகறை என்னுடையது!

கலியோப்பி மெத்தையில் உட்கார்ந்தாள். கையால் அழுத்திப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"நமக்குக் கல்யாணமானதுலேருந்து," என்றாள், "ஆகஸ்டு மாசத்துல நான் ஒரு மத்தியானம்கூடத் தூங்கினதில்லை, தெரியுமா?"

அவள் அதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். உண்மைதான். நான் தூங்கிக்கொண்டிருந்த மதியங்களில் மாடியில் மணி அடித்தால் யார் போய்ப் பார்த்திருப்பார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"நாளையிலேருந்து மத்தியானம் வீட்டை நீ பாத்துக்கோ" என்றாள். "நான் இங்கே வர்றேன்."

"நீ... தினமுமா?"

"தினமும்தான். யார்கிட்டயும் சொல்லிடாதே. இது யாருக்கும் தெரியாத இடம்."

மல்லாந்து படுத்தாள். கடல் வாசலுக்கு வந்தது. அவளுக்கும் "உஸ்ஸ்" என்றது. கடலுக்கு விசுவாசம் என்பதே இல்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலைத் தாண்டுவதற்குள் குரல் வந்தது.

"லினார்தோ, கண்ணே."

திரும்பினேன். அவள் கண்களை மூடியிருந்தாள். குரலில் தேன் சொட்டியது.

"ஒரு தலையணை போதலை. வீட்டுக்குப் போய் இன்னொண்ணு எடுத்துட்டு வர்றியா?"

என் நெஞ்சு நிறைந்தது. முப்பது வருடம் கூட வாழ்ந்தவள் அல்லவா! கல்லா அவள் மனது? இரண்டு தலையணை என்றால் இரண்டு தலை. மெத்தையும் அகலமானதுதான். மலையேறி ஓடினேன். வெயில் தெரியவில்லை. "எங்கே லினார்தோ, திரும்பவுமா?" என்று சிதேரிஸ் கேட்டதற்கு நிற்கவில்லை. வீட்டிலிருந்ததிலேயே மெத்தென்ற தலையணையாகப் பார்த்து எடுத்தேன். தூசி தட்டினேன். மூச்சு வாங்க இறங்கி வந்து, கதவை மெதுவாகத் தள்ளி, அவள் பக்கத்தில் நீட்டினேன்.

கலியோப்பி கண்ணைத் திறக்காமலே அதை வாங்கிக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.